எவோராவை நடந்தே பார்ப்பது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

போர்ச்சுகலின் தெற்கே, அலென்தேஜு சமவெளியில் ஒரு மேட்டின் மேல், கோட்டைச் சுவருக்குள் அடங்கிய ஊர் எவோரா. ரோமானியர், மூர்கள் (வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம்கள்), போர்ச்சுகல் அரசர்கள், இயேசு சபைப் பாதிரியார்கள் என்று ஒருவர் கட்டியதன் மேல் இன்னொருவர் கட்டிக்கொண்டே போன ஊர் இது. 1986 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. வழிகாட்டியுடன் இந்த ஊரை நடந்து பார்ப்பது பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு எங்கள் பயணப் பகுதிக் குழு பதில் சொல்கிறது.

லிஸ்பனில் நான்கு நாள் தங்குகிறோம். ஒரே நாளில் எவோரா போய்த் திரும்ப முடியுமா? ரயில் நல்லதா, பஸ் நல்லதா?

முடியும். இரண்டிலும் பயண நேரம் ஏறக்குறைய ஒன்றரை மணிதான். ரயில் ஒரு நாளைக்குச் சில முறை மட்டுமே ஓடும். பஸ் அடிக்கடி உண்டு. ரயிலில் ஏற ஓரியென்ட், என்ட்ரெகாம்புஷ், செட்டே ரியுஷ் நிலையங்களில் எது உங்கள் விடுதிக்குப் பக்கமோ அங்கே போகலாம். இது இருக்கை எண்ணுடன் டிக்கெட் தரும் 'இன்டர்சிடாடெஷ்' வகை ரயில். முன்கூட்டியே வாங்கினால் கட்டணம் நன்றாகவே குறையும். 65 வயது நிறைந்தவர்களுக்குப் பாதிக் கட்டணம், எந்த நாட்டவராக இருந்தாலும் சரி. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

பஸ் செட்டே ரியுஷ் பஸ் நிலையத்திலிருந்து புறப்படும். எவோராவில் பஸ் நிலையம் கோட்டைச் சுவருக்கு மேற்கே, நடுச் சதுக்கத்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடை. ரயில் நிலையம் தெற்கே இருக்கிறது. அங்கிருந்து சதுக்கத்துக்கு இருபது நிமிடம் ஆகும்.

எங்கள் யோசனை: போகும்போது ரயில், வரும்போது பஸ். காலை ரயிலில் போனால் ஊரைத் தெற்கு வாசலிலிருந்து தொடங்கலாம். அது ஏன் வசதி என்பதைக் கீழே சொல்கிறோம். மாலையில் ரயிலைப் பிடிக்க ஓட வேண்டியதில்லை, ஒரு பஸ் போனால் அடுத்த பஸ் வரும். ஒரு இரவு தங்க முடிந்தால் இன்னும் நல்லது. மாலை ஐந்து மணிக்கு மேல் லிஸ்பன் பஸ்கள் கிளம்பிய பிறகு ஊர் உள்ளூர்க்காரர்கள் கைக்குத் திரும்பிவிடும். 2027இல் எவோரா ஐரோப்பியக் கலாசாரத் தலைநகர்களில் ஒன்று. அந்த ஆண்டு போகிறவர்கள் அறையை முன்னதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் பார்த்தால் 'இலவச நடைப் பயணம்', 'சிறு குழு', 'தனிப்பட்ட வழிகாட்டி' என்று பலவிதமாக இருக்கிறது. எதை எடுப்பது? ஏமாறாமல் இருக்க என்ன கேட்க வேண்டும்?

'இலவசம்' என்பது இலவசம் இல்லை. முடிவில் நீங்கள் கொடுக்கும் அன்பளிப்புதான் வழிகாட்டியின் கூலி. ஆளுக்குப் பத்து யூரோ அளவில் கொடுத்தால் முறையாக இருக்கும். பெரிய முன்பதிவுத் தளங்கள் வழியாக வரும் ஒவ்வொரு தலைக்கும் வழிகாட்டி அந்தத் தளத்துக்குக் காசு கட்டுவது வழக்கம். ஆகவே இரண்டு யூரோ நாணயத்தை நீட்டிவிட்டு நகர்ந்தால் அவருக்கு நஷ்டம்கூட வரலாம். ஐந்து பேர் என்று பதிவு செய்துவிட்டு வராமல் இருப்பதும் அவர் வயிற்றில் அடிப்பதுதான். வர முடியாவிட்டால் ரத்து செய்துவிடுங்கள்.

இந்த வகை நடையில் பெரும்பாலும் கட்டிடங்களுக்குள் போக மாட்டார்கள். கதீட்ரல் வாசலில் நின்று கால் மணி நேரம் பேசுவார்கள், அடுத்த இடத்துக்கு நடப்பார்கள். ஊரின் வரைபடம் மனதில் பதிய இது போதும். ஆனால் எவோராவில் பார்க்க வேண்டியதில் பாதி கதவுக்கு உள்ளே இருக்கிறது. எனவே பணம் கட்டும் சுற்றுலாவை எடுத்தால், "எந்தெந்த இடத்துக்குள் போகிறோம், அதன் நுழைவுக் கட்டணம் இந்தத் தொகையில் அடங்குமா?" என்று முதலில் கேளுங்கள். 'கதீட்ரலைப் பார்க்கிறோம்' என்று எழுதியிருந்தால் உள்ளே போகிறோம் என்று பொருள் கொள்ளாதீர்கள்.

அடுத்து குழுவின் அளவு. பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் இந்தக் குறுகிய தெருக்களில் பின்னால் வருபவருக்கு ஒன்றும் கேட்காது. பெரிய குழு என்றால் காதில் மாட்டும் ஒலிக்கருவி தருவார்களா என்று கேளுங்கள். மொழியும் முக்கியம்: சில சுற்றுகளில் ஒரே வழிகாட்டி ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் மாறி மாறிச் சொல்வார். இரண்டு மணி நேரச் சுற்றில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம்தான்.

குடும்பத்தில் ஐந்தாறு பேர் போகிறீர்கள் என்றால் தனி வழிகாட்டியை மூன்று மணி நேரத்துக்குப் பிடிப்பதே லாபம். கணக்குப் போட்டால் தலைக்கு வரும் தொகை குழுச் சுற்றுக்குப் பக்கத்தில் வந்துவிடும். பெரியவர்கள் உட்கார வேண்டும் என்றால் உட்காரலாம், மனித எலும்புகள் பதித்த எலும்புச் சிற்றாலயத்தில் பையன் போதும் என்றால் வெளியே வந்துவிடலாம். நல்ல வழிகாட்டியை அடையாளம் காண ஒரு வழி: பதிவு செய்வதற்கு முன் "பல்கலைக்கழகத்துக்குள் அழைத்துப் போவீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். நேரமும் நாளும் பார்த்து விவரமாகப் பதில் சொன்னால் அவர் ஊரைத் தெரிந்தவர்.

எந்த வரிசையில் பார்த்தால் நேரமும் காலும் மிச்சமாகும்?

சுவருக்குள் இருக்கும் ஊரின் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர கிலோமீட்டர்தான். தூரம் பிரச்சினை இல்லை. ஏற்றமும் நேரமும்தான் பிரச்சினை. கதீட்ரலும் ரோமானியக் கோயிலும் உச்சியில், சாவ் பிரான்சிஷ்கு தேவாலயத்தை ஒட்டிய எலும்புச் சிற்றாலயம் கீழே தெற்கில். லிஸ்பனிலிருந்து வரும் சுற்றுலாப் பஸ்கள் பத்தரை, பதினொன்றுக்குள் வந்து சேர்ந்து நேராக எலும்புச் சிற்றாலயத்தில் கூட்டத்தை இறக்கும். சிறிய அறை அது. அந்த நேரத்தில் அதற்குள் நிற்பது நெரிசல் பஸ்ஸில் நிற்பது போலத்தான்.

எனவே காலை ரயிலில் இறங்கி நடந்து வரும்போது முதலில் எதிர்ப்படும் சாவ் பிரான்சிஷ்கு தேவாலயத்திலேயே தொடங்கிவிடுங்கள். காலை 9 மணிக்கு எலும்புச் சிற்றாலயம் திறந்தவுடன் டிக்கெட் எடுத்து உள்ளே போனால் அரை மணி நேரம் நிம்மதியாகப் பார்க்கலாம். இதற்கு வழிகாட்டி தேவையில்லை. பெரும்பாலான நடைச் சுற்றுகள் பத்து மணிக்கு மேல் ஊரின் நடுச் சதுக்கமான ஜிரால்டு சதுக்கத்தில்தான் தொடங்கும். அதற்குள் பக்கத்திலிருக்கும் பொதுப் பூங்காவையும் பார்த்துவிடலாம். மயில்கள் உலவும் பூங்கா. அங்கே அரசர் மானுவேலின் அரண்மனையில் எஞ்சிய ஒரு பகுதி நிற்கிறது. அதே பூங்காவில் இடிந்த மாளிகை ஒன்றும் தெரியும். அது 19ஆம் நூற்றாண்டில் பழைய கட்டிடங்களின் ஜன்னல், தூண்களைக் கொண்டுவந்து வேண்டுமென்றே இடிந்ததுபோலக் கட்டியது! கட்டியவர் சினாட்டி என்ற இத்தாலியர். ரோமானியக் கோயிலைப் பிற்காலச் சுவர்களிலிருந்து விடுவித்தவரும் இவரே. காலையில் அவர் கட்டிய பொய் இடிபாடு, நண்பகலில் அவர் மீட்ட நிஜ இடிபாடு. வழிகாட்டிகளில் பலர் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்வதில்லை.

ஜிரால்டு சதுக்கத்தில் 1571ஆம் ஆண்டின் பளிங்கு நீரூற்று இருக்கிறது. அதன் எட்டுக் குழாய்களும் சதுக்கத்துக்கு வந்து சேரும் எட்டுத் தெருக்களைக் குறிப்பதாகச் சொல்வார்கள். சுற்றிலும் காப்பிக் கடை மேசைகள் போட்டிருக்கும் இந்த இடத்தில்தான் 1483இல் இரண்டாம் ஜுவாவ் அரசர் தன் பகைவரான பிரகான்சா பிரபுவின் தலையை வெட்டச் செய்தார். பின்னாளில் சமய விசாரணை மன்றத்தின் (கத்தோலிக்க நம்பிக்கையிலிருந்து விலகியவர்கள் என்று கருதியவர்களை விசாரித்துத் தண்டித்த மன்றம்) தண்டனைச் சடங்குகள் நடந்ததும் இங்கேதான். சதுக்கத்தின் மேற்குப் பக்கம் இறங்கும் சந்துகளில் பழைய யூதர் குடியிருப்பு இருந்தது. 1496 டிசம்பரில் மானுவேல் அரசர் யூதர்களை வெளியேற்ற ஆணையிட்டார். போர்ச்சுகலின் முதல் சமய விசாரணை மன்றம் 1536இல் இதே ஊரில் அமைந்தது. வழிகாட்டி நேரமில்லை என்று இந்தச் சந்துகளைத் தாண்டிப் போகப் பார்த்தால், ஐந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள்.

அங்கிருந்து அக்டோபர் 5 தெரு வழியாக ஏற்றம். இருபுறமும் கார்க் பைகள், மண் கலங்கள் விற்கும் கடைகள். கடையை இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம். தெரு முடிவில் கதீட்ரல். 1186இல் தொடங்கியது, இப்போது காண்பதில் பெரும்பகுதி 13, 14ஆம் நூற்றாண்டு வேலை. போர்ச்சுகலின் இடைக்கால கதீட்ரல்களில் இதுவே மிகப் பெரியது. முன்புறக் கோபுரங்கள் இரண்டும் ஒன்றைப் போல ஒன்று இல்லை. வாசலில் அப்போஸ்தலர் சிலைகளை நெருங்கிப் பாருங்கள். சுவரெல்லாம் கரடுமுரடான கருங்கல், சிலைகள் மட்டும் பளிங்கு. உள்ளே போனால் நடுவில் கருவுற்ற மரியாளின் சிலையும் எதிரே கபிரியேல் தூதரின் சிலையும். பலிபீடப் பகுதி மட்டும் வேறு உலகம் போல வண்ணப் பளிங்கில் மின்னும். அது 18ஆம் நூற்றாண்டில் மாஃப்ரா அரண்மனையைக் கட்டிய லுடோவிசே மாற்றிக் கட்டியது.

டிக்கெட் கவுன்டரில் இரண்டு மூன்று வகைச் சீட்டு இருக்கும். மொட்டைமாடி சேர்ந்ததை வாங்குங்கள். அருங்காட்சியகத்தை விட்டாலும் பரவாயில்லை, மாடியை விடாதீர்கள். மாடியிலிருந்து பார்த்தால்தான் வெள்ளை வீடுகள் சுவருக்குள் எப்படி அடைந்து கிடக்கின்றன, சுவர் தாண்டியதும் எப்படிச் சமவெளி தொடங்குகிறது என்பது புரியும்.

பிறகு ரோமானியக் கோயில், அதை ஒட்டி லோயுஷ் தேவாலயம். இது கடவால் பிரபு குடும்பத்துக்குச் சொந்தமானது, தனி டிக்கெட். 1711ஆம் ஆண்டின் நீல வெள்ளை ஓட்டுச் சித்திரங்கள் (சுவரில் பதிக்கும் ஓடுகளில் தீட்டியவை) சுவர் முழுக்க இருக்கும். ஓட்டுச் சித்திரம் பிடிக்கும் என்றால் காசு வீணில்லை. ஒரு இடத்தைத் தள்ளத்தான் வேண்டும் என்றால் இதைத் தள்ளிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம்.

பல்கலைக்கழகம் 1559இல் கர்தினால் என்ரிக் தொடங்கி இயேசு சபையினர் நடத்தியது. 1759இல் அவர்கள் நாடுகடத்தப்பட்டபோது மூடப்பட்டது. 1970களில்தான் மறுபடி உயிர் பெற்றது. முற்றத்தைச் சுற்றியிருக்கும் வகுப்பறைகளில் அந்தந்தப் பாடத்துக்கு ஏற்ற ஓட்டுச் சித்திரம் பதித்திருக்கிறார்கள். அலெக்ஸாண்டருக்கு அரிஸ்டாட்டில் பாடம் சொல்லும் காட்சிக்குக் கீழே இன்றைய மாணவர்கள் மடிக்கணினியுடன் உட்கார்ந்திருப்பார்கள். வகுப்பு நடக்கும் அறைக்குள் நுழையக் கூடாது, கதவு திறந்திருந்தால் எட்டிப் பார்க்கலாம்.

கடைசியாக, நகராட்சிக் கட்டிடம். உள்ளே போய்ப் பின்பக்கம் ரோமானியக் குளியல் கூடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். 1987இல் தரையடியில் கண்டுபிடித்தது. சுமார் ஒன்பது மீட்டர் விட்டமுள்ள வட்டமான நீராவி அறை. கட்டணம் இல்லை, ஆனால் அது அலுவலகம், எனவே வேலை நாளில் மட்டும்தான் திறந்திருக்கும். சனி, ஞாயிறு போகிறவர்களுக்கு இது கிடைக்காது.

இத்தனைக்கும் நிதானமாக நான்கரை மணி நேரம். வழிகாட்டியுடன் இருப்பது அதில் இரண்டரை மணி போதும்: சதுக்கம், யூதர் தெரு, கதீட்ரல், கோயில், பல்கலைக்கழகம்.

ரோமானியக் கோயிலை 'டயானா கோயில்' என்கிறார்கள். உண்மையிலேயே டயானாவுக்குக் கட்டியதா? பதினான்கு தூண் மட்டும் எப்படித் தப்பித்தது?

டயானாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தப் பெயர் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு ஒட்டிக்கொண்டது. கி.பி. முதல் நூற்றாண்டுக் கட்டிடம். ரோமப் பேரரசர் வழிபாட்டுக்கானது என்பதே ஆய்வாளர் கருத்து.

தப்பித்ததற்குக் காரணம் பக்தி அல்ல, பயன்பாடு. இடைக்காலத்தில் தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பி அடைத்துக் கட்டிடமாக்கிக்கொண்டார்கள். 1836 வரை அது கசாப்புக் கடை! சுவரே தூண்களைத் தாங்கிப் பிடித்தது. 1870 வாக்கில் சினாட்டி அந்தச் சுவர்களை இடித்து எடுத்தபோது உள்ளே இருந்த தூண்கள் வெளிப்பட்டன.

கோயிலுக்கு வேலியோ டிக்கெட்டோ கிடையாது, சதுக்கத்தில் எந்நேரமும் பார்க்கலாம். மேடை மேல் ஏறக் கூடாது. பக்கத்தில் போய் இரண்டு விஷயம் கவனியுங்கள். தூணின் உடல் சாம்பல் நிறக் கருங்கல். பல துண்டுகளை அடுக்கியது, சேரும் இடம் கண்ணுக்குத் தெரியும். தலைப்பகுதியும் அடிப்பகுதியும் வெள்ளைப் பளிங்கு, வடகிழக்கே நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் எஷ்ட்ரெமோஷிலிருந்து வந்தது. கருங்கல்லில் இலை வேலைப்பாட்டைச் செதுக்குவது கடினம், அதனால் செதுக்க வேண்டிய இடத்துக்கு மட்டும் பளிங்கு கொண்டுவந்திருக்கிறார்கள். புகைப்படத்துக்கு மாலை வெயில் நல்லது. எதிரே இருக்கும் சிறு பூங்காவில் பெஞ்சும் நிழலும் உண்டு.

எலும்புச் சிற்றாலயத்துக்கு எட்டு வயதுப் பெண்ணை அழைத்துப் போகலாமா?

பயந்த சுபாவம் என்றால் வேண்டாம். மற்றபடி பெரியவர்களைவிடக் குழந்தைகள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வார்கள். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கன் துறவிகள் கட்டியது. ஊர்க் கல்லறைகளில் இடம் நிரம்பியதால் தோண்டி எடுத்த எலும்புகளைச் சுவரிலும் எட்டுத் தூண்களிலும் பதித்தார்கள். ஏறக்குறைய ஐயாயிரம் பேருடைய எலும்புகள் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. நீள எலும்புகளின் முனை மட்டும் வெளியே தெரியும்படி அடுக்கியிருப்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் கூழாங்கல் சுவர் என்றே தோன்றும். நெருங்கும்போதுதான் மண்டையோடுகள் வரிசையாகத் தெரியும். வாசல் மேல் எழுதியிருப்பது: 'இங்கிருக்கும் எலும்புகள் நாங்கள், உங்கள் எலும்புகளுக்காகக் காத்திருக்கிறோம்.' குழந்தையிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. உலர்ந்த உடல்களும் உண்டு. அவற்றில் ஒன்று ஒரு சிறு குழந்தையுடையது. எங்களைக் கேட்டால், எலும்பைவிட அதற்குத்தான் குழந்தைகளைத் தயார் செய்ய வேண்டும்.

புகைப்படம் எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது. சுவரைத் தொடக் கூடாது. மண்டையோட்டுக்குப் பக்கத்தில் முகம் வைத்துச் சிரித்துப் படம் எடுப்பதைத் தவிர்த்தால் நல்லது, அது இன்றும் ஆலயம்தான். அதே டிக்கெட்டில் மாடிக்குப் போனால் பல நாட்டு கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளின் தொகுப்பு இருக்கிறது. குழந்தையை அங்கே கூட்டிப் போய்விட்டு வெளியே வாருங்கள்.

அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. இந்த நடையைத் தாங்குவாரா?

திசையைத் திருப்பிப் போட்டால் தாங்குவார். ரயில் நிலையத்திலிருந்தோ பஸ் நிலையத்திலிருந்தோ டாக்சி பிடித்து நேராக ரோமானியக் கோயில் சதுக்கத்தில் இறங்குங்கள். உச்சியில் தொடங்கினால் பிறகு எல்லாமே இறக்கம்: கோயில், கதீட்ரல், அக்டோபர் 5 தெரு, ஜிரால்டு சதுக்கம், சாவ் பிரான்சிஷ்கு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் சில நிமிட நடைதான். பொதுச் சுற்றுகள் சதுக்கத்தில் தொடங்கி மேலே ஏறுபவை. தனி வழிகாட்டியிடம் முன்பே சொன்னால் மாற்றிக்கொள்வார். மூன்று சக்கர டுக்-டுக் சுற்றும் உண்டு, பாதி நடை பாதி வண்டி என்று பேசிக்கொள்ளலாம்.

வலி வரவைப்பது தூரம் அல்ல, தரை. தெரு முழுக்கக் கல் பதித்தது. பல நூறு ஆண்டு கால் பட்டு வழுவழுப்பானது, மழை பெய்தால் கண்ணாடி மாதிரி வழுக்கும். தோல் அடிப்பாகம் உள்ள செருப்பு ஆகாது. ரப்பர் அடிப்பாகமும் கணுக்காலைப் பிடிக்கும் வாரும் உள்ள காலணி போடச் சொல்லுங்கள். நடைபாதை ஒரு ஆள் அகலம்தான், கார் வந்தால் சுவரோரம் ஒதுங்க வேண்டும். கதீட்ரல் மாடிக்குப் போவது குறுகிய சுழல் கற்படி. அம்மாவை உள்முற்றத்தில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் ஏறி வாருங்கள். சக்கர நாற்காலி என்றால் கல் தரையில் தள்ளுவது கஷ்டம், பெரிய சக்கரம் உள்ளதாக இருக்க வேண்டும்.

கழிப்பறைக்குக் காப்பிக் கடைதான் நம்பகமான வழி. ஒரு காப்பி வாங்கினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

நாங்கள் சைவம். முட்டை சாப்பிடுவோம். எவோராவில் பட்டினி கிடக்க வேண்டி வருமா?

வராது, ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். அலென்தேஜு சமையலில் பன்றி எங்கும் உண்டு. பார்வைக்குச் சைவமாகத் தெரிவதும் ஏமாற்றும். உதாரணம் 'அசோர்டா': பூண்டு, கொத்தமல்லி, உப்பு மூன்றையும் இடித்து ஆலிவ் எண்ணெய் விட்டு, கொதிக்கும் நீரை ஊற்றி, பழைய ரொட்டித் துண்டுகளைப் போட்டு, மேலே கொதிநீரில் வேகவைத்த முட்டை வைத்துத் தருவார்கள். கொத்தமல்லி மணம் மேசைக்கு வருமுன் மூக்கில் ஏறும், நமக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அந்தக் 'கொதிக்கும் நீர்' பல கடைகளில் உப்புக்கண்டம் போட்ட காட் மீனை வேகவைத்த நீர். வெறும் தண்ணீரில் செய்து தர முடியுமா என்று கேளுங்கள், பல இடங்களில் செய்வார்கள். 'மிகாஷ்' என்ற ரொட்டிப் பிசையலைப் பன்றிக் கொழுப்பில் செய்வது வழக்கம், அதைத் தவிருங்கள். 'சேம் கார்னெ, சேம் பெய்ஷெ' (இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்) என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வந்து நிற்கும்.

உட்கார்ந்தவுடன் ரொட்டி, ஆலிவ், எவோரா செம்மறி ஆட்டுப்பால் சீஸ் எல்லாம் தானாக மேசைக்கு வரும். அது உபசாரம் இல்லை. சாப்பிட்டால் கணக்கில் ஏறும். வேண்டாம் என்றால் தொடாமல் திருப்பிக் கொடுங்கள். கேட்காமல் வைத்து, நீங்கள் தொடாததற்குக் காசு வாங்கச் சட்டத்தில் இடமில்லை. சைவர்கள் இதையே சாப்பாடாக்கிக்கொள்வதும் உண்டு: ரொட்டி, சீஸ், ஆலிவ், ஒரு காய்கறி சூப்.

இனிப்பில் 'பாவ் டெ ரலா' வாங்குங்கள். பாதாம், முட்டை மஞ்சள் கரு, பூசணி வகைக் காய் ஒன்றின் சர்க்கரைப்பாகு சேர்த்துக் கன்னி மடங்களில் பிறந்த பண்டம். ஒரு துண்டு இரண்டு பேருக்குப் போதும். 'தொசீன்யு து செவ்' என்ற இனிப்பில் சிலர் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், கேட்டு வாங்குங்கள்.

மதியச் சாப்பாடு பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரைதான். மூன்று மணிக்குப் போனால் அடுப்பு அணைந்திருக்கும், மறுபடி மாலை ஏழு ஏழரைக்குத்தான். நடைச் சுற்று ஒன்றரைக்குள் முடியும்படி பதிவு செய்யுங்கள்.

எந்த மாதம், எந்தக் கிழமை?

ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர். ஜூலை ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தொடும், வெள்ளைச் சுவர்கள் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். அப்போது போகத்தான் வேண்டும் என்றால் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும் சுற்று, அல்லது மாலை ஆறுக்கு மேல். மதிய இரண்டு மணிச் சுற்றை விலை குறைவு என்று வாங்காதீர்கள்.

திங்களன்று நகர அருங்காட்சியகம் மூடியிருக்கும். ஞாயிறு காலை கதீட்ரலில் பூசை. உள்ளே வழிகாட்டி பேச முடியாது. நகராட்சி, பல்கலைக்கழகம் இரண்டையும் பார்க்க வேண்டும் என்றால் செவ்வாய் முதல் வெள்ளி வரை ஒரு நாள். ஜூன் 29 ஊர் விடுமுறை. ஜூன் கடைசியில் சாவ் ஜுவாவ் திருவிழாச் சந்தை நடக்கும். சொந்தக் கார் அல்லது வாடகைக் காரில் வருபவர்கள் வழக்கமாக நிறுத்தும் தெற்குத் திடலான ரோசியுவைச் சந்தைக் கடைகள் அடைத்துக்கொண்டிருக்கும். மற்ற நாட்களிலும் காரைச் சுவருக்கு வெளியேயே விடுங்கள். உள்தெருக்களில் பக்கவாட்டுக் கண்ணாடியை மடக்கிக்கொண்டு போக வேண்டிய இடங்கள் இருக்கின்றன.

வழிகாட்டி சொல்லும் கதைகளில் எதை நம்பலாம்?

ஜிரால்டு என்ற 'அஞ்சாதவன்' 1165இல் மூர்களிடமிருந்து ஊரைப் பிடித்தது வரலாறு. சுவரில் ஈட்டிகளைச் செருகி ஏறி, காவற்காரனையும் அவன் மகளையும் கொன்றான் என்பது கதை. ஊர்ச் சின்னத்தில் குதிரைவீரனுக்குக் கீழே இரண்டு தலைகள் இருப்பதற்கு அந்தக் கதையைத்தான் சொல்வார்கள். இந்தியாவுக்குக் கிளம்பிய வாஸ்கோ ட காமாவின் கொடிகளை 1497இல் கதீட்ரலில் ஆசீர்வதித்தார்கள் என்பதும் வழிவழியாகச் சொல்வது. அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பலரும் சொல்ல மறக்கும் உண்மை ஒன்று உண்டு. 1584இல் ஜப்பானின் கியூஷு தீவுக் கிறிஸ்தவப் பிரபுக்கள் அனுப்பிய நான்கு இளைஞர்கள் ரோமுக்குப் போகும் வழியில் எவோராவில் தங்கினார்கள். அவர்களில் இருவர் கதீட்ரலில் இருக்கும் ஆர்கன் என்ற பெரிய குழாய் இசைக்கருவியை வாசித்துக் காட்டினார்கள். 16ஆம் நூற்றாண்டின் அந்த ஆர்கன் இன்றும் அங்கே இருக்கிறது. வழிகாட்டியிடம் காட்டச் சொல்லுங்கள்.

நீர்க்கால்வாய்ப் பாலத்தின் மேல் நடக்க முடியுமா?

மேலே முடியாது, ஓரமாக நடக்கலாம். 'வெள்ளி நீர்' என்று பெயர் பெற்ற இந்தக் கால்வாய் 1531 முதல் 1537 வரை கட்டப்பட்டது. சுமார் 18 கிலோமீட்டர். வடிவமைத்தவர் லிஸ்பனின் பெலேம் கோபுரத்தைக் கட்டிய பிரான்சிஷ்கு ட அருடா. அவசரமாகப் போகிறவர்கள் ஊருக்குள் இருக்கும் கானு தெருவை மட்டும் பார்த்தால் போதும். தண்ணீர் தானாகவே ஓட வேண்டும் என்பதால் கால்வாய் ஏறக்குறைய மட்டமாகவே வருகிறது. தரைதான் ஊரின் மேட்டை நோக்கி உயர்கிறது. அதனால் வெளியே ஓங்கி நிற்கும் வளைவுகள் உள்ளே வர வர குட்டையாகிக்கொண்டே போகும். ஒவ்வொரு வளைவுக்குள்ளும் வீடோ கடையோ கட்டி, கதவும் ஜன்னலும் வைத்து மக்கள் குடியிருக்கிறார்கள். ஆட்கள் வாழும் வீடு என்பதால் ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். ஜிரால்டு சதுக்கத்திலிருந்து வடக்கே பத்து நிமிடம்.

அல்மென்ட்ரெஷ் கல்வட்டத்தையும் அதே நாளில் சேர்க்கலாமா?

கார் இருந்தால் சேர்க்கலாம். ஊருக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டர். குவாடலூப் கிராமத்தைத் தாண்டி மண் சாலை. வரலாற்றுக்கு முற்பட்ட மனிதர்கள் நட்ட சுமார் 95 கற்கள் கார்க் மரங்களுக்கு நடுவே நிற்கின்றன. அதன் பழமையான பகுதி இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சைவிட மூத்தது. கட்டணமோ கதவோ கிடையாது, கடையும் கிடையாது, தண்ணீர் எடுத்துப் போங்கள். பொதுப் பஸ்ஸை நம்பிப் போகும் இடம் அல்ல. அரை நாள் சுற்றுலா வண்டிகள் உண்டு. டாக்சி பிடித்தால் ஓட்டுநரைக் காத்திருக்கச் சொல்லி, போய்வரும் மொத்தத் தொகையைக் கிளம்புமுன் பேசிவிடுங்கள்; அங்கே நின்று இன்னொரு டாக்சியை அழைக்க வழியில்லை. மழை பெய்த மறுநாள் அந்த மண் சாலையில் சின்னக் காரை ஓட்ட வேண்டாம். கல்வட்டத்துக்குப் போகும் வழியிலேயே தனியாக நிற்கும் ஒற்றை நெடுங்கல்லுக்குப் பிரியும் ஒற்றையடிப் பாதை வரும். பலகை சிறியது, கவனிக்காவிட்டால் தாண்டிப் போய்விடுவீர்கள்.